எந்த ஊர் என்று கேட்ட மருத்துவர்

என் இடது காதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். 2014 ஜனவரியில், மதுரையில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் என் ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு, அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் எந்த ஊர் அம்மா?" சங்கரன்கோவில் என்றேன். "பஸ்ஸிலா வந்தீர்கள்? எவ்வளவு நேரம் ஆயிற்று?" மூன்றரை மணி நேரம் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கூப்பிட்டால் திரும்ப வருவீர்களா?" என்றார். வருவேன் என்றேன். அவர் தலையாட்டினார். அதைச் சரி என்பதாகத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன். நம்பாதவர்களும் அப்படித்தான் தலையாட்டுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

உறைத்த பிறகு அது மனத்தாங்கலாக மாறி எட்டு வருடம் என்னோடு இருந்தது. மதுரைக்காரியாக இருந்திருந்தால் வேறு அறுவை சிகிச்சை நடந்திருக்கும், சங்கரன்கோவில் என்று சொன்னதால் இந்த அறுவை சிகிச்சை நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்யான நினைப்பில்லை. ஆனால் முழுவதும் உண்மையுமில்லை என்பதை 2022இல், என்னுடைய பழைய கோப்பின் நான்காவது பக்கத்தில், நீல மையில் எழுதிய ஒன்றரை வரியில் பார்த்தேன். அதற்கு முன்னால் தலையணை உறையிலிருந்து தொடங்க வேண்டும்.

தலையணை உறை

எங்கள் வீட்டில் காதில் சீழ் வடிவதை நோய் என்று யாரும் நினைத்ததில்லை. சளி பிடித்தால் கூடவே வந்து, சளி போனால் தானும் போய்விடும் விருந்தாளி அது. அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் விடுவாள். பக்கத்து வீட்டு ஆச்சி கோழி இறகால் துடைத்துவிடுவாள், கண் சொருகும் அளவுக்குச் சுகமாக இருக்கும். பெரிய மனுஷியானால் நின்றுவிடும் என்றார்கள். ஆனேன், நிற்கவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றால் நின்றுவிடும் என்றார்கள். அதற்குப் பிறகு உண்மையிலேயே குறைந்தது. தண்ணீர் போல வழிந்தது நின்று, எப்போதாவது ஒரு சொட்டுக் கசிவாக மாறியது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தாராளமாக வழியும் காது பெரும்பாலும் அபாயமில்லாதது, கொஞ்சமாகக் கசிந்து நாற்றம் அடிக்கும் காதைத்தான் பயந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. நாம் அளவைத்தான் பார்ப்போம்.

அந்தச் சொட்டு என் தலையணை உறையில் எட்டணா அகலத்துக்கு மஞ்சளாகக் காய்ந்திருக்கும். நாற்றத்தை எப்படிச் சொல்வது? எலி செத்த நாற்றமில்லை, அழுகிய காய்கறி நாற்றமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. உறையை மட்டும் தனியாக ஊறவைத்துத் துவைப்பேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது எப்போதும் என் வலது பக்கம்தான் படுப்பாள். பாசத்தில் பக்கம் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். காரணத்தை அவளே ஒருநாள் சொன்னாள், ஐந்து வயதில், ஒளிவுமறைவு இல்லாமல்.

இவ்வளவுக்கும் காது ஓரளவு நன்றாகக் கேட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. கூட்டுறவு வங்கியில் கவுண்டர் வேலை எனக்கு. நகைக்கடன் வாங்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள், அதையெல்லாம் பிடித்துக்கொள்வேன். கேட்கிற காதுக்கு எதற்கு வைத்தியம்? பிறகு 2013 கடைசியில் கைப்பேசியை இடது காதில் வைத்து அழுத்தினால் கவுண்டரே ஒரு பக்கம் சாய்வதுபோல் இருந்தது. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்தேன். உள்ளூர் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார், பத்து நாள் காய்ந்தது, பதினோராவது நாள் மறுபடி உறை நனைந்தது. மூன்றாவது முறை போனபோது, அவர் மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மருத்துவர் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மதுரை மருத்துவர் முதலில் செய்த காரியம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. காதுத் துளைக்கு முன்னால் முக்கோணமாக ஒரு குருத்தெலும்பு மடிப்பு இருக்கிறதே, அதை விரலால் உள்பக்கமாக அழுத்தி, தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். அழுத்திய கணத்தில் அறை ஊஞ்சலாடியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்மணிகள் இரண்டும் ஒரு பக்கமாக ஓடித் திரும்பியதை என் கணவர் பார்த்திருக்கிறார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. மருத்துவர் கையை எடுத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்: "உள்காதில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஸ்கேன் எடுங்கள், பேசுவோம்."

பெயரில் ஏமாற்றும் நோய்

கொலஸ்டியடோமா என்று சீட்டில் எழுதியிருந்தது. வீட்டில் முதலில் நடந்தது, என் கணவரின் அண்ணன் என் சாப்பாட்டிலிருந்து முட்டையையும் தேங்காய்ச் சட்டினியையும் நிறுத்தியதுதான். பெயரில் கொலஸ்ட்ரால் இருக்கிறதாம். இரண்டாவதாக, அதன் கடைசி இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மாமியார் அழுதார். அத்தைக்கு இன்னொருவர் விஷயத்தில் புற்றுநோய்ப் பெயர்கள் பழக்கமாகியிருந்தன. இரண்டு பேர் பயமும் அவரவர் அளவில் நியாயமானதுதான், தப்பு பெயர் வைத்தவருடையது. 1838இல் ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ஜோஹானஸ் முல்லர் இந்தப் பெயரை வைத்தார். இது கொலஸ்ட்ரால் கட்டியுமில்லை, புற்றும் இல்லை. அதற்கு ஒன்பது வருடம் முன்பே பிரான்சில் க்ருவெய்யே என்பவர் முத்துக்கட்டி என்று அழைத்திருந்தார், அதையே விட்டுவைத்திருக்கலாம்.

இது தோல். வெறும் தோல், இருக்கக் கூடாத இடத்தில். காதுக்குள் இருக்கும் தோலுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, உள்ளேயிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். செத்த தோலைக் காது தானே பெருக்கி வெளியே தள்ளிவிடும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குக் காற்று கொண்டுபோகும் யூஸ்டேஷியன் குழாய் சரிவரத் திறக்காவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து, செவிப்பறையின் மேல்பக்கத்தில் இருக்கும் தளர்ந்த பகுதி உள்பக்கமாக உறிஞ்சப்பட்டு ஒரு பையாகிவிடும். பையின் வாய் குறுகல். பெருக்கிய குப்பை வெளியே போக வழியில்லாமல் அங்கேயே சேரும். அடுக்கடுக்காக, வெங்காயச் சருகு போல, வெள்ளையாக. அதில் கிருமி புகுந்தால் நாற்றம். பை பெரிதாகப் பெரிதாகச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும். சொட்டு மருந்து சீழைக் காயவைக்கும், தோலைக் கரைக்காது. அதனால்தான் பதினோராவது நாள் மறுபடி நனைந்தது.

கரைப்பதற்கு அங்கே என்னென்ன இருக்கிறது என்பதை மருத்துவர் ஸ்கேனில் பேனா முனையால் காட்டினார். முதலில் சின்ன எலும்புகள். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, சுத்தி, பட்டடை, அங்கவடி. எனக்குப் பட்டடை கரைந்துபோயிருந்தது. அதற்கு மேலே முட்டை ஓடு மாதிரி ஒரு கூரை, கூரைக்கு மேலே மூளை. பின்னால் மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரைக்குழல். நடுவில் குறுக்கே முகநரம்பு. உள்ளே, நாம் விழாமல் நிற்பதற்காக இருக்கும் அரைவட்டக் குழல்கள். அவற்றில் படுக்கைவாட்டில் இருக்கும் குழலின் எலும்புதான் எனக்கு அரித்துத் துளையாகியிருந்தது. கைப்பேசியை அழுத்தியபோது சாய்ந்தது கவுண்டர் இல்லை, அந்தத் துளை வழியே உள்ளே அலை அடித்திருக்கிறது. ஒரு புளியங்கொட்டை அளவு இடத்தில் இத்தனையையும் அடுக்கி வைத்த ஆண்டவனின் சிக்கனத்தை என்ன சொல்ல.

ஆஸ்கார் வைல்டு காதுச் சீழ் மூளைக்குப் பரவித்தான் இறந்தார் என்று பிறகு எங்கோ படித்தேன். 1900 அக்டோபரில் பாரிஸில், தங்கியிருந்த ஓட்டல் அறையிலேயே காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நவம்பர் 30ஆம் தேதி போய்விட்டார், வயது 46. அவருடைய அப்பா வில்லியம் வைல்டு டப்ளினில் புகழ்பெற்ற காது மருத்துவர். காதின் பின்னால் கீறிச் சீழை வெளியேற்றும் கீறலுக்கே அவர் பெயர்தான். மகன் காதுக்கு அது உதவவில்லை. எனக்கும் காதுக்குப் பின்னால்தான் கீறினார்கள். தழும்பைத் தடவும்போதெல்லாம் அந்த அப்பா ஞாபகம் வருகிறது.

சுவரை இடிப்பதா வைப்பதா

மருத்துவர் அன்று காகிதத்தில் படம் வரைந்து சொன்ன இரண்டு வழிகளை, எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். காதுக்குழாயின் பின்சுவர் எலும்பாலானது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், காதுக்குப் பின்னால் நாம் தொட்டால் மேடாகத் தெரிகிற எலும்புக்குள், நோய் ஓடியிருக்கிறது. சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கமிருந்தும் முன்பக்கமிருந்தும் நுழைந்து நோயைச் சுரண்டி எடுக்கலாம். அது முதல் வழி. முடிந்த பிறகு காது பழைய காதாகவே இருக்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் சுவரின் மறைவில் கடுகளவு தோல் மிஞ்சியிருந்தாலும் யாருக்கும் தெரியாது, அது உள்ளேயே மறுபடி முத்தாக வளரும். அதனால் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ கழித்து, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மறுபடி திறந்து பார்க்க வேண்டும். இப்போது சில இடங்களில் அதற்குப் பதிலாகத் தனி வகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள், அதிலும் மிகச் சின்ன முத்து தப்பிவிடும்.

இரண்டாவது வழி, சுவரை இடித்துவிடுவது. வீட்டின் உள்ளறையையும் திண்ணையையும் ஒன்றாக்குவது போல. எல்லாம் ஒரே குழியாகிவிடும், வாசலில் நின்று பார்த்தால் மூலை முடுக்கெல்லாம் தெரியும். நோய் திரும்பும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அந்தக் குழி ஆயுளுக்கும் நம்மோடுதான். தானாகப் பெருக்கிக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பெரும்பாலும் போய்விடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் மருத்துவரிடம் பெருக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் படக் கூடாது.

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்னை எந்த ஊர் என்று கேட்டார். தலையாட்டினார். சீட்டில் இரண்டாவது வழியை எழுதினார்.

பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. முந்தின நாள் ராத்திரி, நர்ஸ் நகைகளைக் கழற்றச் சொன்னார். தோட்டைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் கழற்றியதே இல்லை. திருகு இறுகிப்போயிருந்தது. மாமியார் சோப்பு நுரை போட்டுத் திருகி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். முக்கால் பவுன். அந்தத் தோட்டை வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடக் கொடுப்போம். அதற்கு ஓரங்குலம் உள்ளே முப்பது வருடமாக எலும்பு கரைந்துகொண்டிருந்ததை ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை, நானும்தான்.

மயக்கம் தெளிந்தபோது, தலையில் முண்டாசு கட்டியிருந்தது. மருத்துவர் குனிந்து, "பல்லைக் காட்டுங்கள்" என்றார். கனவு என்று நினைத்தேன். "சிரிக்க வேண்டாம், பல்லை மட்டும் காட்டுங்கள். கண்ணை இறுக மூடுங்கள்." செய்தேன். அவர் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. முகநரம்பு தப்பியதா என்று பார்க்கும் சோதனை அது. அந்த நரம்பை மூடியிருக்கும் எலும்பையும் நோய் தின்றிருந்தது, ஆகவே துரப்பணம் அதன் ஓரத்தில் ஓடியிருக்கிறது. நரம்பு பிழைத்தது. அதன் சின்னக் கிளை ஒன்று, நடுச்செவியின் குறுக்காகப் போய் நாக்குக்குச் சுவை கொண்டுபோகும் நரம்பு, அது பிழைக்கவில்லை. நோய்க்குள்ளே சிக்கியிருந்ததால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. நான்கு மாதம் எந்தக் காப்பியைக் குடித்தாலும் நாக்கின் இடது ஓரத்தில், ஈயம் போன பித்தளைப் பாத்திரத்தில் புளி வைத்தது போல் களிம்பு வாடை. பிறகு தானாகப் பழகிவிட்டது.

துளை விழுந்த குழலின் மேலே இருந்த நோய்த் தோலை மட்டும் அவர் எடுக்கவில்லை. அதை உரித்தால் உள்காதே செத்துப்போகும் அபாயம் உண்டு என்பதால் அந்த இடத்தில் ஒரு பொட்டு அளவு அப்படியே மூடியாக விட்டுவைத்தார். குழி திறந்திருப்பதால்தான் அப்படி விட்டுவைக்க முடிந்தது, மூடிய காதில் அது புற்றில் பாம்பை விட்டு மண் போட்டு மூடிய கதையாகியிருக்கும். இதை அவர் அன்றைக்கே சொன்னார். எனக்குத்தான் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம், கேட்கவில்லை. சொல்லாட்டமில்லை, காதே கேட்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த கேட்புச் சோதனையில் என் இடது காதின் குறை 35 டெசிபல். மூன்று மாதம் கழித்து எடுத்ததில் 60. வெற்றிகரமான அறுவை சிகிச்சை என்று சீட்டில் எழுதியிருந்த கையோடு இந்தத் தாளையும் கொடுத்தார்கள். பட்டடை கரைந்த பிறகும் எனக்கு எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது? எலும்பைத் தின்ற நோய், தின்ற இடத்தில் தானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, செவிப்பறையின் அதிர்வை அங்கவடிக்குக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறது. இடித்த பாலத்தின் இடத்தில் தானே படுத்திருந்த திருடன். அவனைத் தூக்கியதும் பாலமும் போயிற்று. அங்கவடியிலும் மேல்வளைவு அரித்துப்போய் அடித்தட்டுதான் மிஞ்சியிருந்தது. "முதலில் உயிர், அடுத்தது காய்ந்த காது, மூன்றாவதாகத்தான் கேட்பது" என்றார் மருத்துவர். சரிதான். ஆனால் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு அந்த வரிசை வேறு மாதிரி இருக்கும். மேலாளரிடம் சொல்லி, வாடிக்கையாளர்கள் என் வலது பக்கம் வருவது போல் ஓரத்துக் கவுண்டருக்கு மாறிக்கொண்டேன். இடது பக்கம் சுவர். சுவர் எதுவும் கேட்காது.

குழியோடு குடித்தனம்

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சங்கரன்கோவில், ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், திருமங்கலம், மாட்டுத்தாவணி. கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸின் ஆட்டத்தை வைத்தே எந்த ஊர் என்று சொல்லுவேன். மருத்துவர் நுண்ணோக்கியின் கீழ் தலையைச் சாய்த்துப் படுக்கவைத்து, மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சுவார். காதுக்குள்ளே மோட்டார் பம்பு ஓடுவது போல் இருக்கும். குழாயின் குளிர்ந்த காற்று அந்தக் குழலின் மேல் பட்டதும் கூரை மின்விசிறியோடு சேர்ந்து கூரையும் சுற்றத் தொடங்கும். அரை நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டால் நின்றுவிடும். சொட்டு மருந்தைக்கூட உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் விட வேண்டும், குளிர்ந்து போனால் அதே ஊஞ்சல்.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதென்றால், வாஸ்லின் களிம்பு தடவிய பஞ்சை அடைத்துக்கொண்டு தலையை வலது பக்கமாகச் சாய்த்து, யாராவது ஒருவர் செம்பால் ஊற்ற வேண்டும். குற்றாலம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் 2014க்குப் பிறகு நான் அருவியில் நின்றதில்லை. சாரல் காலத்தில் எல்லோரும் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவார்கள், துண்டோடு நிற்பது என் வேலை. அங்கே நிற்கும்போதுதான் மனத்தாங்கல் மேலே வரும். நான் மதுரையில் இருந்திருந்தால் சுவரை இடித்திருக்க மாட்டாரே. ஒரு வருடம் கழித்து வா என்றால் வந்திருப்பேனே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போகிறவள் அதற்கு வரமாட்டேனா? என் நாணயத்தை ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து எடைபோட்டுவிட்டாரே மனுஷன். வங்கியில் நகைக்கடனுக்கு வருகிறவர்களை முகத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதால் அந்த எடை எனக்கு நன்றாகவே புரிந்தது, அதனால் கூடுதலாகக் கோபமும் வந்தது.

2022 ஆகஸ்ட் மாதம், சுத்தம் செய்து முடித்து, கூட்டமும் இல்லாத மதியத்தில், கேட்டே விட்டேன். "சார், அன்றைக்கு என்னை எந்த ஊர் என்று கேட்டீர்கள். மதுரை என்று சொல்லியிருந்தால் சுவரை வைத்திருப்பீர்களா?" அவர் திடுக்கிடவில்லை. இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை என்று தோன்றியது. உள்காதில் துளை இருந்ததால் எப்படியும் திறந்த வழிதான் நல்லது என்று தீர்மானித்திருப்பேன் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "துளை இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "சுவரை வைத்து அனுப்பியவர்களில் சிலர் திரும்ப வந்தார்கள் அம்மா. ஆனால் நான் கூப்பிட்டபோது இல்லை. நான்கு வருடம் கழித்து, தலைவலியோடு, வாந்தியோடு." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

நான் விடவில்லை. "நான் வந்திருப்பேன் சார். எட்டு வருடமாக வந்துகொண்டுதானே இருக்கிறேன்."

அவர் பதில் சொல்லாமல் என் கோப்பைப் புரட்டினார். தடித்த கோப்பு, ஓரம் எல்லாம் மடங்கிப்போனது. ஒரு பக்கத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினார். 2015 பிப்ரவரி. அவருடைய கையெழுத்தில், நீல மையில், ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. காது காய்ந்திருக்கிறது, கேட்புத்திறனுக்காக டைட்டேனியம் எலும்பு வைக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டது, மகளின் பொதுத்தேர்வு முடிந்ததும் வருவதாகச் சொல்கிறார்.

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. படித்ததும்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அங்கவடியின் அடித்தட்டு மேல் ஒரு சின்ன டைட்டேனியம் தூணை நிறுத்தி, புதிதாக வைத்த செவிப்பறையோடு சேர்த்தால் ஓரளவு கேட்கக்கூடும், திறந்த குழியில் உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்யலாம் என்று அவர் சொன்னது. என் மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு அந்த மார்ச்சில். தேர்வு முடியட்டும் என்றேன். முடிந்தது. பள்ளி திறந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன், அவரிடம் சொல்லவில்லை. பிறகு ஆடி, அதற்குப் பிறகு அத்தைக்குக் கண்புரை. சீழ் இல்லை, வலி இல்லை, வலது காது இருக்கிறது. வலிக்காத காதை மறுபடி வெட்டக் கொடுக்க எதற்காகப் போக வேண்டும் என்று எங்கோ ஒரு நாள் முடிவெடுத்திருக்கிறேன், முடிவெடுத்ததாகக்கூடத் தெரியாமல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போனேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவரும் இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

கவனியுங்கள், சுவரை வைத்திருந்தால் மறுபடி திறந்து பார்க்க வேண்டிய நாளும் ஏறக்குறைய அதே 2015 பிப்ரவரிதான். அதே தேர்வு, அதே ஆடி, அதே கண்புரை. கேட்கும் திறன் கிடைக்கும் என்ற ஆசைக்கே போகாதவள், உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகவா போயிருப்பேன்?

கோப்பை மூடி அவரிடம் கொடுத்தேன். அவர் வெற்றி பெற்றவர் போல் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை, அடுத்த தேதியை எழுதினார். அதற்காக என் கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஊரைக் கேட்டு வைத்தியம் செய்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சங்கரன்கோவிலிலேயே இந்தக் காதைப் பார்க்க ஒருவர் இருந்திருந்தால், பஸ்ஸும் விடுப்பும் கணக்கில் வந்திருக்காது. மூன்றரை மணி நேரம் என்பது என் குணத்தில் இருக்கும் குறையா, சாலையில் இருக்கும் குறையா? அவர் சரியாகக் கணித்தார் என்பதால் அவர் கணித்த விதம் நியாயமாகிவிடுமா என்றும் தெரியவில்லை. ஆனால் என்னைப் பற்றி நான் வைத்திருந்த கணக்கு தப்பு. அது மட்டும் நிச்சயம்.

போன மாதம் மறுபடி போயிருந்தேன். வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவும் பத்து வயதுப் பெண்ணும். அந்தப் பெண் திரும்பியபோது அந்த நாற்றம் அடித்தது. யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எனக்குப் பழைய தலையணை உறையே கண் முன்னால் வந்தது. அம்மா தன் கைக்குட்டையால் அவள் காதை அடிக்கடி ஒற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சின்னத் தொங்கட்டான், புதிது. உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஸ்கேன் படத்தை மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்: "எந்த ஊர் அம்மா நீங்கள்?"

"திருச்சுழிப் பக்கம் சார்" என்றாள் அவள். பிறகு ஊரின் பெயரைச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. அவர் அடுத்து ஏதோ கேட்டார். என் இடது காது கதவுப் பக்கம் இருந்தது. நான் முழுவதும் திரும்பி வலது காதைக் கொடுப்பதற்குள் அவள் பதில் சொல்லி முடித்திருந்தாள். இடுக்கு வழியே அவள் தலை வேகமாக ஆடியது மட்டும் தெரிந்தது.